முகத்துவாரத்துக்கு வருகிறவர்களுக்கு

ஐப்பசி நெருங்குகிறது. அடைமழைக்கு முன்னால் அடையாற்று முகத்துவாரத்தில் சேர்ந்துகிடக்கும் மணலை அள்ள எந்திரங்கள் இறங்கும். அவற்றின் பின்னாலேயே கார்கள் வரும். அமைச்சர், மேயர், எதிர்க்கட்சித் தலைவர், புதிதாகக் கட்சி தொடங்கியவர், பசுமை பேசும் நாடாளுமன்ற உறுப்பினர் என்று ஒவ்வொருவராகச் சீனிவாசபுரத்துப் பக்கமிருந்தோ ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பக்கமிருந்தோ மணலில் நடந்து வருவார்கள். ஆற்றைக் கைநீட்டிக் காட்டி அதிகாரி ஏதோ சொல்வார். வந்தவர் தலையசைப்பார். படம் எடுக்கப்படும். அரை மணியில் எல்லாரும் போய்விடுவார்கள்.

வாருங்கள். வரவேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. யாருமே எட்டிப்பார்க்காமல் இருந்த காலத்தில் இந்த ஆறும் இந்த ஊர்களும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வருகிறவர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். கண்ணால் பார்த்தவர் கடன்பட்டவர். வந்து பார்க்காதவராவது தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். இனி அந்த வழி உங்களுக்கு அடைபட்டுவிட்டது. உங்களிடம் சிலர் வாய்விட்டுப் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை இல்லை.

நீங்கள் நின்று பார்க்கும் இடம் சாதாரணமானதல்ல. ஆதனூர்ப் பக்கம் தொடங்கும் ஆறு, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரையும் வாங்கிக்கொண்டு, திருநீர்மலை, மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் கடந்து சுமார் 42 கிலோமீட்டர் ஓடி இங்கேதான் கடலில் சேர்கிறது. தென்கரையில் பிரம்மஞான சபையின் தோப்பும் அதை அடுத்து மீனவர் ஊர்களும். வடகரையில் சீனிவாசபுரம். நடுவே 1967-இல் கட்டி 1977-இல் வெள்ளத்தில் இடிந்த உடைந்த பாலம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் இந்த ஊர்களுக்குள் புகுந்து ஆட்களை வாரிக்கொண்டு போனது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது, அத்தனை வெள்ளமும் இந்த வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டியிருந்தது. வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது மேலே ஆற்றங்கரையில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் என்பதைத் தீர்மானிக்கிறது. கோடையில் வாய் மூடிக்கொண்டால் கடல்நீர் உள்ளே ஏற முடியாது; சாக்கடை தேங்கிக் கறுக்கும்; மடவையும் இறாலும் நண்டும் செத்து ஒதுங்கும். எந்தக் காற்று எந்த மாதத்தில் மணலை எந்தப் பக்கம் தள்ளும், தெண்டி நீரோட்டம் எப்போது ஓடும், வன்னி நீரோட்டம் எப்போது திரும்பும் என்பதைக் குப்பத்துப் பெரியவர்கள் எந்தக் கருவியும் இல்லாமல் சொல்வார்கள். எந்திரத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துவது அறிவும் ஆகும், மரியாதையும் ஆகும்.

என்னுடைய முதல் வேண்டுகோள் நேரத்தைப் பற்றியது. கையெழுத்துக்கு முன்னால் வாருங்கள். திட்டம் தீர்மானமாகி, ஒப்பந்தம் விட்டு, எந்திரம் இறங்கிய பிறகு வந்து ஆறுதல் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. 2009, 2010-இல் கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை வரை கடலோரமாக உயர்மட்டச் சாலை போடும் திட்டம் வந்தது. முகத்துவாரத்தைத் தாண்டி, படகு நிற்கும் மணலுக்கு மேலாக அது போயிருக்கும். பட்டினப்பாக்கத்திலிருந்து திருவான்மியூர் வரை குப்பத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள். 2011-இல் ஆட்சி மாறிய பின் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் கடலோரமாகவோ கடல்மேலோ சாலை என்ற அந்த யோசனை சாகவில்லை. வேறு வேறு வரைபடங்களில், வேறு வேறு தொகைகளில் மறுபடியும் மறுபடியும் எழுகிறது. ஒவ்வொரு முறையும் ஊர் மக்கள் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். இது முறையல்ல. தன் வீட்டு வாசலில் என்ன வரப்போகிறது என்பதை ஒருவர் பேப்பர் பார்த்துத் தெரிந்துகொள்ள நேர்ந்தால், அவருக்கு ஓட்டு இருக்கிறதே தவிரக் குடியுரிமை பாதிதான் இருக்கிறது.

வடக்கே எண்ணூரைப் பாருங்கள். 2017 அக்டோபர் 28 அன்று விடியற்காலையில் கமல்ஹாசன் எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போனார். அனல் மின்நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றை மூடிக்கொண்டிருப்பதை மீனவர்கள் அவருக்குக் காட்டினார்கள். வருடக்கணக்கில் அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே நாளில் நாடெங்கும் செய்தியானது. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. அவர் சொன்னால் கேமரா திரும்புகிறது என்றால் அவர் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிறகு என்ன ஆயிற்று? ஆறு ஆண்டு கழித்து, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வந்த கசிவு அதே கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, அலையாத்தி, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் தார் போல ஒட்டிக்கொண்டது. அதே 2017-இன் ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளிய கைகள், மறுபடியும் வெறுங்கையாக எண்ணெய் அள்ளின. மறுபடியும் தலைவர்கள் வந்தார்கள். கமலும் வந்தார். அமைச்சர்களும் வந்தார்கள். அந்த மாதமே, டிசம்பர் 26 நள்ளிரவு வாக்கில், எண்ணூரில் உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள்.

ஒரு வருகை வெளிச்சம் போடும். அது பரிகாரம் ஆகாது. வெளிச்சம் போட்டுவிட்டுப் பரிகாரத்தைத் தேடாமல் போனவரை, முதல் முறை நம்பியவர்கள் இரண்டாம் முறை மௌனமாகத்தான் பார்ப்பார்கள். கமல்ஹாசன் 2025 ஜூலை முதல் மாநிலங்களவை உறுப்பினர். கேள்வி கேட்கும் உரிமை, எழுத்தில் பதில் வாங்கும் உரிமை, நிலைக்குழுவில் அதிகாரிகளை நேருக்கு நேர் விசாரிக்கும் உரிமை எல்லாம் இந்தப் பதவியோடு வருபவை. கரையில் நின்று பேசியவருக்கு அவையில் பேசும் இடம் கிடைத்திருக்கிறது. எண்ணூர்ச் சாம்பலையும் எண்ணெயையும் அங்கே கொண்டுபோய் வைப்பது அவருடைய கடமை. அவருக்கு மட்டுமல்ல, இந்தக் கரையில் கால் பதித்துவிட்டு எந்த அவையிலாவது போய் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் இதே கடமை உண்டு.

அப்படிச் செய்ய முடியுமா என்றால், அடையாற்றுக்காரர் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். ருக்மிணி தேவி அருண்டேல். 1936-இல் இங்கே கலாக்ஷேத்திராவைத் தொடங்கியவர் என்றுதான் அவரை எல்லாருக்கும் தெரியும். 1952-இல் அவர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குகள் படும் துன்பத்தைக் கண்டு மனம் வருந்தியதோடு அவர் நிற்கவில்லை. மறுவருடமே தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கூறிய பிறகு அதைத் திரும்பப் பெற்றார். வாக்குறுதி வாங்கியாயிற்று என்று வீட்டுக்குப் போய்விடவில்லை. 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறும் வரை அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தச் சட்டத்தின்படி அமைந்த விலங்கு நல வாரியத்தின் தலைவராகவும் உழைத்தார். ஏழெட்டு ஆண்டுகள். வாயில்லாத உயிர்களுக்காக ஒருவர் இத்தனை ஆண்டு விடாமல் நின்றார். வாயுள்ள மனிதர்கள், அதுவும் தங்கள் குறையைத் தெளிவாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்கள், இங்கே காத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கூட்டத்தொடராவது விடாமல் நில்லுங்கள்.

இன்னொரு முன்னுதாரணமும் உண்டு. 2008-இல் கடலோர மேலாண்மை மண்டலம் என்ற பெயரில் மத்திய அரசு ஒரு வரைவு கொண்டுவந்தது. இந்தியக் கடற்கரை முழுக்க மீனவர்கள் அதை எதிர்த்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான குழு ஆராய்ந்து சொன்னதன் பேரில் 2009-இல் அது கைவிடப்பட்டது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷின் காலத்தில் சென்னை உட்படக் கடலோர நகரங்களில் மீனவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. 2011 ஜனவரி 6 அன்று வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர்களின் வாழ்வாதாரப் பாதுகாப்பைத் தன் நோக்கங்களில் முதலாவதாகச் சொன்னது. அந்த அறிவிக்கை குறையற்றது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவர்களின் குரல் சட்டத்தின் வாசகத்துக்குள் போனது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, மக்கள் அடர்த்தி மிகுந்த கிராமப்புறக் கடற்கரையில் கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. கேட்பது போய்விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கேட்பதற்கு முறை இருக்கிறது. காலை பதினொரு மணிக்கு வராதீர்கள். அந்த நேரத்தில் கடலுக்குப் போய் வந்தவர் களைத்துப் படுத்திருப்பார். பெண்கள் மீன் கூடையோடு சந்தைக்குப் போயிருப்பார்கள். கரையில் உங்களுக்காகக் கூட்டி வைக்கப்பட்டவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வந்து, நாற்காலி போட்டு உட்காருங்கள். பெண்கள் பேசட்டும். மீன் பிடிப்பது ஆண்கள் என்றாலும், மீனைக் காசாக்கி வீட்டை நடத்துகிறவர்கள் அவர்கள்தான். 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையில் மீன் கடைகளை அகற்றியபோது சாலையில் உட்கார்ந்து போராடியவர்களில் அவர்கள் முன்னால் இருந்தார்கள். உங்களோடு பதில் சொல்லக்கூடிய பொறியாளர் ஒருவரை அழைத்து வாருங்கள். பேசியதைத் தமிழில் எழுதி, அங்கேயே உரக்கப் படித்துக் காட்டி, ஒரு பிரதியை ஊரில் கொடுத்துவிட்டுப் போங்கள். திட்ட அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதை வெளியிடும்படி தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. நீதிமன்றம் சொல்லித்தானா நம் பிரதிநிதிகளுக்கு இது தோன்ற வேண்டும்?

பசுமை பேசுகிறவர்களிடம் இன்னும் கடுமையாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்றைக் காப்பாற்றுவது என்ற பெயரில் ஏழையைக் குற்றவாளி ஆக்காதீர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றுக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எழுப்பப்பட்டன. பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே, பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்க, பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெள்ள அபாயம் என்று காரணம் சொன்னார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. 2022-இல் பன்னாட்டு ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பு நிலம். அங்கேயும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. வேலை சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும், வீடு பெரும்பாக்கத்தில். வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் வருமானத்தை இழந்தார்கள். அதே ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி, அதன்மேல் விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுதளம் ஓடுகிறது. அதை எழுப்ப யாரும் வரவில்லை. ஆற்றங்கரையில் குடிசை ஆக்கிரமிப்பு என்றால் ஓடுதளம் என்ன? இந்தக் கேள்வியைக் கேட்கத் துணிவில்லாதவர் குடிசையைப் பற்றியும் பேசக் கூடாது.

சாக்கடை விஷயமும் இப்படித்தான். 2019 பிப்ரவரியில் அடையாறு, கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் மாசுபாட்டுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. யாருக்கு? தமிழக அரசுக்கு. குப்பத்துக்கு அல்ல. சீரமைப்புக்கென்று நூற்றுக்கணக்கான கோடிகளில் திட்டங்கள் அறிவிக்கப்பட்டுவிட்டன. இன்றைக்கும் சைதாப்பேட்டைப் பாலத்தில் நின்று குனிந்து பார்த்தால் கறுப்புத் தண்ணீர்தான். எந்தக் கோடி எந்தக் குழாயை அடைத்தது என்ற கணக்கை ஆற்றங்கரையில் நின்று மக்களுக்குச் சொல்லுங்கள். எலியட்ஸ் கடற்கரையில் கையுறை மாட்டிக்கொண்டு நீங்கள் பொறுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலைப் பள்ளிப் பிள்ளைகளே பொறுக்குவார்கள். ஆற்றில் விழும் கழிவுநீர்க் குழாயை நிறுத்துவது உங்களால் மட்டும்தான் முடியும்.

ஆமையைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் பிள்ளைகள் நீலாங்கரையிலிருந்து முகத்துவாரம் வரை தை, மாசி, பங்குனி இரவுகளில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. உடனே கரைக்கு வந்து, ஃபைபர் படகில் சின்ன வலை போடும் மனிதரைப் பார்த்து ஆமையின் அருமையைப் போதித்தவர்கள் உண்டு. கரையோரத்தில் இழுவலை போடும் விசைப்படகுகளைத் தடுக்கச் சட்டம் 1983-இலிருந்தே இருக்கிறது. முட்டையிடும் மாதங்களில் ஐந்து கடல்மைலுக்குள் அவை வரக்கூடாது. வருகின்றன. அந்த விசைப்படகுகளை எதிர்த்து ஆண்டாண்டாய்ப் புகார் சொல்பவர்களே இந்தச் சின்னப் படகுக்காரர்கள்தான். அவர்களுடைய மீனும் அந்த வலையில்தான் போகிறது. ஆமைக்கும் அவர்களுக்கும் எதிரி ஒன்றாக இருக்கும்போது, இருவரையும் மோதவிடுவது பெரும் பிழை.

அடையாற்றில் என்னோடு வசிப்பவர்களுக்கும் சொல்கிறேன். காந்தி நகர், கஸ்தூரிபா நகர், பெசன்ட் நகர், சாஸ்திரி நகர். தலைவர்கள் வரும்போது நாமும் போய் நிற்கிறோம். நடைப்பயிற்சிக்கு நல்ல பாதை வேண்டும், கடற்கரை அழகாக இருக்க வேண்டும் என்று மனு கொடுக்கிறோம். அந்தப் பாதை எந்த வலை காயும் இடத்தின் மேல் போகிறது என்று நாம் கேட்பதில்லை. நம் தெருக் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் விடப்படுகிறதா என்று மாநகராட்சியிடமும் குடிநீர் வாரியத்திடமும் எழுதிக் கேட்க நமக்கு மொழியும் நேரமும் செல்வாக்கும் இருக்கின்றன. கேட்போம். அடுத்த மனுவில் நம் பெயர்களுக்குப் பக்கத்தில் குப்பத்துக்காரர்களின் பெயர்களும் இருக்கும்படி, அவர்களிடம் போய்ப் பேசிவிட்டு எழுதுவோம். அவர்கள் ஒத்துக்கொள்ளாத மனுவைக் கொடுக்காமல் இருப்போம்.

இப்போது உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கடலோர மண்டலச் சட்டத்தின்படி ஒவ்வொரு கடற்கரைக்கும் மேலாண்மை வரைபடம் வேண்டும். மீனவர் ஊர் எது, படகு நிறுத்தும் இடம் எது, வலை பின்னும் இடம், கருவாடு காயவைக்கும் இடம், மீன் விற்கும் இடம் எது என்று அதில் குறிக்க வேண்டும். 2023-இல் தமிழ்நாட்டுக்கான வரைவு வரைபடங்கள் வந்தபோது, இவை சரியாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர்கள் ஊர் ஊராக எதிர்ப்புச் சொன்னார்கள். வரைபடத்தில் இல்லாத இடம் நாளைக்குக் காலி இடம் ஆகும். காலி இடம் என்றால் சாலை வரும், பூங்கா வரும், உணவகம் வரும். அப்போது வலையோடு நிற்பவரை ஆக்கிரமிப்பாளர் என்பார்கள். பாட்டன் காலத்திலிருந்து படகு ஏற்றிய மணலில் நிற்கிறவருக்கு அந்தப் பெயர் வருவதைத் தடுக்க ஒரு கோடும் ஒரு பெயரும் போதும்.

ஆகவே தலைவர்களே, மாலையோ சால்வையோ கொண்டு வராதீர்கள். அந்த வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டுக் கொண்டு வாருங்கள். ஊரூர் ஆல்காட் குப்பத்திலும் சீனிவாசபுரத்திலும் நொச்சிக்குப்பத்திலும் திருவான்மியூர்க் குப்பத்திலும் அதை விரித்து வையுங்கள். ஆண்களும் பெண்களும் விரல் வைத்துக் காட்டும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குள் அதே ஊருக்குத் திரும்பி வந்து, எந்த இடம் ஏறியது, எது ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்று ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் எழுத்தில் கொடுங்கள், தேதியும் கையெழுத்தும் போட்டு.